ஆளில்லாத வீடு என்று எழுதினார்கள்

அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் கோர்ட்டு என்று வளர்ந்தவர்கள் நம் வயதில் அதிகம் இல்லை. அந்தக் காலத்தில் சண்டை போட்டாலும் ஒரே கூரைக்குக் கீழே கிடந்துதான் போட்டார்கள். அதனால் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் பேரப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு விளக்காமலே புரிந்துகொள்ளும்.

என் படிப்பு எட்டாவதோடு நின்றது. பிறகு கரும்பு வெட்டப் போனேன். குடகுக்கு மிளகு பறிக்கப் போனேன். சூளையில் கல் அறுத்தேன். போர்க் கிணறு போடும் லாரியோடு ஆறு வருடம் சமையல்காரியாகச் சுற்றினேன். ஒரே ஊரில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். எத்தனையோ மேஸ்திரிகளிடம் எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன். பாதி நேரம் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள். நான் பேசி ஒரு பெரிய காரியம் நடந்தது என்றால், நாலாம் வகுப்பு படிக்கும்போது கள்ளக்குறிச்சி கோர்ட்டில் நடந்ததுதான்.

அப்பா கல்வராயன் மலைக்காரர். சாமையும் தினையும் போடுகிற குடும்பம். அம்மா கச்சிராயபாளையத்துப் பக்கம், கரும்புக் கொல்லைக்காரர் வீட்டுப் பெண். கரும்பு வெட்ட வந்த அப்பாவோடு அம்மா மலையேறிப் போய்விட்டாள். பத்து வருடம் அங்கேதான் இருந்தாள். நன்றாகத்தான் இருந்தார்கள். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் பிறகு எழுதப்பட்ட காகிதங்கள் எதிலும் அது இல்லை.

எனக்கு ஏழு வயதாகும்போது அம்மாவுக்கு இன்னொரு குழந்தை வயிற்றில் இருந்தது. வலி வந்தது விடியும்போது. எங்கள் ஊரிலிருந்து ஜீப் நிற்கும் இடத்துக்கு ஒற்றையடிப் பாதைதான். போர்வையைக் கழியில் கட்டி அம்மாவை அதில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். மழை பெய்து பாதை வழுக்கியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. அம்மா பிழைத்தாள். தம்பி பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா நேராகச் சின்னசேலத்தில் மாமா வீட்டுக்குப் போனாள். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அங்கே மக்காச்சோள மண்டியில் அம்மாவுக்குப் புடைக்கிற வேலை கிடைத்தது. என்னையும் வரவழைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். "இனிமே அந்த மலைல நானும் கால வெக்க மாட்டேன், எம் பொண்ணையும் வெக்க வுட மாட்டேன்" என்றாள். அப்பா மூன்று தடவை வந்து கூப்பிட்டார். நாலாவது தடவை மாமா கதவைத் திறக்கவில்லை. அப்பா யார் யாரையோ கேட்டு, கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு வக்கீலைப் பிடித்து மனு போட்டார். அம்மா வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூட லீவு நாட்களில் பிள்ளை தன்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்.

குடும்பத்துக்கென்று தனிக் கோர்ட்டெல்லாம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு, புருசன் பெண்டாட்டித் தகராறு எல்லாம் ஒரே கட்டடத்தில்தான். கேஸ் முடியும்வரை சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை கோர்ட்டு வளாகத்தில் வைத்து அப்பா என்னைப் பார்க்கலாம் என்று உத்தரவானது. ஒரு குமாஸ்தா பக்கத்தில் இருக்க வேண்டும்.

பின்பக்கத்துப் புளிய மரத்தடிதான் எங்கள் இடம். கொஞ்சம் தள்ளி டைப் அடிப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சத்தமும் கார்பன் தாள் வாசனையும் இன்றைக்கும் எனக்குச் சனிக்கிழமைதான். அம்மா சைக்கிள் நிறுத்துமிடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போனதும் மட்டும் கேட்பாள்: "இன்னா, இளைச்சிப் போயிருந்தாரா?"

முதல் சனிக்கிழமை அப்பாவுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

"சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "காலைல சாப்ட்டியா?"

"அதான் சாப்ட்டேன்னேன்ல."

கையில் வேலை இருந்தால்தான் எங்கள் அப்பாவுக்கு வாய் வரும். சும்மா உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. அதனால் மரத்தைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். பிடுங்கிக்கொண்டே ஆடு குட்டி போட்டது, பலா மரத்தில் தேன் வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. குமாஸ்தா தன் நோட்டில், தகப்பன் பிள்ளையோடு பேசாமல் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார் என்று எழுதிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் பட்டதை எழுதினார். காதில் விழுந்ததை எழுதவில்லை.

அப்பா தினை மாவில் தேன் பிசைந்து கொண்டுவருவார். மாமா முதலில் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல இன்னா கலந்துகினு வந்திருக்கானோ" என்று குமாஸ்தாவிடம் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். குமாஸ்தா ஓர் உருண்டை தின்றார். இன்னொன்று தின்றார். "இன்னும் சரியா தெர்லிங்க" என்று மூன்றாவதையும் எடுத்தார். கடைசியில் எனக்குக் காலித் தூக்குதான் வந்தது. அப்பா சிரித்துவிட்டார். கேஸ் நடந்த ஆறு மாதத்தில் கோர்ட்டுக்குள் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்பா சட்டையில் எப்போதும் புகை வாசனை அடிக்கும். "வூடு வாசல் இல்லாதவன், எங்கியோ காட்ல நெருப்பு மூட்டிக்கினு கெடக்கறான்" என்று மாமா வக்கீலிடம் சொன்னார். அந்த வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். பெண் பிள்ளையை அனுப்பச் சொல்கிறார்களே, அதற்கு அங்கே ஒழுங்கான வீடு இருக்கிறதா என்று கேட்டார். கோர்ட்டு ஒரு சின்ன வக்கீலை மலைக்கு அனுப்பி, வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னது.

அவர் போனது ஆவணியில். அங்கேதான் எல்லாம் கெட்டது.

எங்கள் மலையில் கதிர் வர ஆரம்பித்தால் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். பயிர் இருக்கும் இடத்தில் கொட்டாய் போட்டு, ஊரே அங்கே குடி போய்விடும். பகலில் கிளியும் சிட்டும், பொழுது போனால் காட்டுப் பன்றி. பானை, சட்டி, பாய், போர்வை, கோழி, நாய் எல்லாம் கூடவே போகும். உள்ளே எடுக்க ஒன்றும் இருக்காது என்பதால் வீட்டைப் பூட்டவும் மாட்டார்கள். நாய் நுழையாமலிருக்கக் கதவை ஒரு கயிற்றால் கட்டி வைப்பார்கள். அறுவடை முடிந்தபின்தான் திரும்பி வருவார்கள்.

சின்ன வக்கீல் போய்க் கயிற்றை அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். அடுப்பில் சாம்பல் கூட இல்லை. பாய் இல்லை, பானை இல்லை. மூலையில் ஒட்டடை. விசாரிக்கலாம் என்றால் ஊரில் ஒரு ஆள் இல்லை. இது ஆளில்லாத வீடு, இங்கே யாரும் குடியிருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றைக்கு நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைக் கேட்டார்.

"அந்த வீட்ல நீ இப்ப இருக்கியா?"

"இல்லிங்க."

அப்பாவின் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப எங்க இருக்க?"

"பயிருகிட்டங்க."

"தூங்குறது?"

"அதுவும் பயிருகிட்டதாங்க."

"மழை வந்தா?"

"மழ வந்தா தூங்கறது கம்மிதாங்க. பன்னி ஜாஸ்தி வரும்."

கோர்ட்டே சிரித்தது. அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. இப்போது யோசித்தால் எனக்குத் தெரிகிறது. கதிர் வந்தால் ஜனங்கள் வீட்டை விட்டுப் போவார்கள் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதே அவருக்குத் தெரியாது. தெரியாது என்று தெரிந்தால்தானே ஒருவன் விளக்குவான்? மாமாவின் வக்கீல் எழுந்து, "இவர் வீடு இருக்கிற இடத்தில் இவர் இல்லை, இவர் இருக்கிற இடத்தில் வீடு இல்லை" என்றார். மறுபடி சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பத்து ஆவணி அந்தக் கொட்டாயில் சமைத்தவள் அவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெகுநாள் அதற்காக அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. எனக்கே ஒரு பிள்ளை பிறந்து இறந்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது.

நீதிபதி என்னிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். மாமா வழியெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்: "மலைக்கு போ மாட்டேன், பயமா கீதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. சொல்லிட்டா பரோட்டா வாங்கித் தரேன்."

உள்ளறையில் நீதிபதிக்குச் சளி பிடித்திருந்தது. சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

"அப்பாகிட்ட லீவுக்குப் போறியா பாப்பா?"

"மலைக்கு போ மாட்டேன். பயமா கீது."

"எதுக்குப் பயம்?"

அதற்கு மாமா பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. 

"அந்த வீட்ல யாருமே இல்லையாமே. அதனாலயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இது கூடத் தெரியவில்லையே என்று.

"இப்ப வூட்ல எப்டி இருப்பாங்க? கதிரு வந்துட்ச்சில்ல? இப்ப வூட்ல படுத்துக்கினு இருந்தா ஊர்ல காறித் துப்புவாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு துப்புவாங்க?"

"எல்லாரும்தான். பயிர வுட்டுட்டு வூட்ல இருக்கறவன் சோம்பேறி. அவனுக்கு பொண்ணு குடுக்க மாட்டாங்க."

பிறகு அவர் கேட்கக் கேட்க நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டாயில் அடுப்பு எந்தப் பக்கம், கோழிக் கூடை எங்கே தொங்கும், அத்தை எங்கே படுப்பாள், கிளி ஓட்டப் பரண்மேல் ஏறி எப்படிக் கத்த வேண்டும். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். அதில் வழி வரைந்தேன். ஓடை, இரட்டைப் பாறை, பலா மரம், கொட்டாய். அந்தத் தாளை அவர் கட்டுக்குள் வைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் வரைந்து ஒருவர் பத்திரப்படுத்தியது அது ஒன்றுதான். இந்நேரம் எலி தின்றிருக்கும்.

வெளியே வந்ததும் நீதிபதி, அதே சின்ன வக்கீல் திரும்பவும் மலைக்குப் போக வேண்டும், பிள்ளை வழி காட்டட்டும், தகப்பனுக்கு என்றைக்கு வருகிறோம் என்று தகவல் போகக் கூடாது என்றார். அதற்கு அப்பாவும் ஒப்புக்கொண்டு கும்பிட்டார்.

அம்மா எழுந்து நின்றாள். "நானும் போறங்க."

மாமா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "நீ இன்னாத்துக்கு? அங்க கால வெக்க மாட்டேன்னு சொன்னவ நீதான?"

"நாந்தான் சொன்னேன். நாந்தான் போறேன். உனுக்கு இன்னா?"

அடுத்த வாரம் புறப்பட்டோம். சின்ன வக்கீல், அம்மா, மாமா, நான். கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி, மலை ரோட்டில் இறங்கி, எனக்குத் தெரிந்த ஒற்றையடிப் பாதையில் நான் முன்னால் நடந்தேன். சின்ன வக்கீல் போன முறை பூட்ஸ் போட்டு வழுக்கி விழுந்திருந்தார் போல. இந்த முறை ரப்பர் செருப்பு.  பாதை வழுக்கும் இடம் வந்ததும் அம்மா அங்கேயே நின்றாள். நாங்கள் காத்திருந்தோம். பிறகு தானாகவே நடந்தாள்.

ஓடை வந்தது. இரட்டைப் பாறை வந்தது. பலா மரமும் வந்தது. கொட்டாய் இல்லை. நான்கு கம்பமும் மட்கிய கூரைப் புல்லும் கிடந்தன. கொல்லை முழுக்கக் களை.

"எழுதிக்கோ சார்" என்றார் மாமா. "வூடும் இல்ல, கொட்டாயும் இல்ல. நல்லா எழுதிக்கோ."

சின்ன வக்கீல் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.  நான் வரைந்த தாளை நம்பித்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். எழுதிவிட்டால் அப்பா பொய்யர், நானும் பொய்க்காரி. அதோடு லீவு போச்சு, அப்பா போச்சு. எனக்கு இனிமேல் புளிய மரத்தடிதான்.

அம்மா குனிந்து அந்தக் களையில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். "ரெண்டு வருசமா உழவே இல்ல இங்க" என்றாள், யாரிடமும் சொல்லாமல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே இடத்தில் விடாமல் போட்டால் மண் களைத்துவிடும் என்று கொஞ்ச வருடம் போட்டு, பிறகு சும்மா விடுவார்கள். நான் வரைந்தது எனக்குத் தெரிந்த வருடத்துக் கொல்லை. இந்த வருடம் அவர்கள் வேறு சரிவுக்குப் போயிருக்கிறார்கள். எந்தச் சரிவு? மலையெல்லாம் சரிவுதான்.

"கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்றேன். மாமாவைத்தான் சொன்னேன். அவர் ஆச்சரியத்தில் பேசாமல் இருந்தார்.

காற்று அடங்கியது. எங்கோ ஒரு நாய். பிறகு, தூரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம்,

"ஏ... ஹோ... ஹோய்!"

கோர்ட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷனின் குரல். பள்ளத்தாக்கு முழுக்க நிரம்பியது. எதிர்ச் சரிவிலிருந்து ஒரு கிளிக் கூட்டம் பச்சையாக எழுந்து திரும்பியது. சின்ன வக்கீல் நோட்டோடு அப்படியே நின்றார். நான் யாரையும் பார்க்காமல் ஓட ஆரம்பித்தேன்.

பரண்மேல் நின்றிருந்த அப்பா எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். ஏணியில் பாதி இறங்கிக் குதித்து ஓடிவந்தார். "புள்ளைக்கு இன்னா? புள்ளைக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆகல. வூட்டப் பாக்க வந்தோம்" என்றார் சின்ன வக்கீல்.

அந்தச் சரிவில் இருபது கொட்டாய்க்குக் குறையாமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடுப்புப் புகை. பிள்ளைகள், ஆடுகள், காயப் போட்ட புடவைகள். "ஊரே இங்கதான் இருக்கா?" என்று சின்ன வக்கீல் கேட்டார்.

களி கிண்டிக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, நிமிரவே இல்லை. "பின்ன எங்க இருக்கும்? தானியத்த பன்னிக்கு வுட்டுட்டு செவுத்துக்கு காவல் இருப்பாங்களா? கீழ உங்க ஊர்ல அப்டியா?"

அவர் எண்ணி எண்ணி எழுதினார். பானை, பாய், விளக்கு, அரிசி, போர்வை. போன முறை எழுதாமல் விட்ட ஊரையே இந்த முறை எழுதினார். எங்கள் கொட்டாய்க்குப் பக்கத்தில் இன்னொரு பரண் இருந்தது. ஆள் உயரம்கூட இல்லை. நாலு பக்கமும் மூங்கில் தடுப்பு.

"இது எதுக்கு, இவ்வளவு சின்னதா?"

"புள்ளைக்குங்க."

"கோர்ட்டு இன்னும் அனுப்பவே இல்லியே. அதுக்குள்ள கட்டிட்டீங்களா?"

"வந்தப்புறம் மரம் தேடிக்கினு இருக்க முடியுங்களா?"

சின்ன வக்கீல் அதையும் எழுதினார். அதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

அம்மா கொட்டாய்க்குள் வரவில்லை. வெளியே நின்றுகொண்டே சொன்னாள்: "சார், அவரக் கேளுங்க. புள்ளைக்கு ஜொரம் வந்தா இன்னா பண்ணுவாரு? மறுபடியும் போர்வைல கட்டி தூக்குவாரா?"

 அத்தை கிண்டுவதை நிறுத்தினாள்.

 அப்பா கொட்டாய்க்குப் பின்னால் போய்க் கையைக் காட்டினார். அங்கே ஒரு பாதை. ஒற்றையடிப் பாதை இல்லை, இரண்டு ஆள் தோளோடு தோள் நடக்கும் அகலம். வழுக்குகிற இடங்களில் கல் பதித்திருந்தது. பாறையைக் கடப்பாரையால் உடைத்த வெள்ளைக் காயங்கள் இன்னும் தெரிந்தன. அத்தைதான் சொன்னாள்: "அன்னிலேர்ந்து வெட்றாங்க. ஆம்பளைங்க பூரா. ஓடைல பாலம் மாதிரி மரம் போட்டு, ஜீப்பு நிக்கற எடம் வரைக்கும் கொண்ணாந்துட்டாங்க. இவன் ஒருநாளும் நிக்கல."

கீழேயிருந்து வந்த நாங்கள் நான் காட்டிய பழைய வழியில் வந்ததால் அதைப் பார்க்கவே இல்லை.

அம்மா சின்ன வக்கீலிடம் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கினாள். யாரையும் கூட வர விடவில்லை. அந்தப் பாதையில் தனியாக இறங்கிப் போனாள். நாங்கள் களி தின்றோம். மாமாவும் தின்றார், இரண்டு முறை வாங்கித் தின்றார். அம்மா திரும்பி வரும்போது புடவை முழங்கால்வரை சேறு. முகமெல்லாம் வியர்வை. அழுதிருந்தாள். ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது.

"எழுதிக்கங்க சார். எறங்க முக்கா மணி. தூக்கிக்கினு போனா ஒரு மணி வெச்சிக்கங்க."

அப்பா மெதுவாக, "அன்னிக்கி இது இருந்திருந்தா..." என்றார்.

"அன்னிக்கி இல்ல" என்றாள் அம்மா. "இப்ப இருக்குது. அத எழுதட்டும்."

அதற்குப் பிறகு கோர்ட்டில் நடந்தது ரொம்பச் சின்னது. மாமாவின் வக்கீல் எழுந்து பேச ஆரம்பித்தபோது அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, "நான் பேசறங்க" என்றாள். தான் மலைக்குத் திரும்பப் போவதில்லை, அது தன்னால் முடியாது. ஆனால் பிள்ளை போகலாம், தன் கண்ணால் பார்த்துவிட்டேன் என்றாள். இரண்டே நிமிடம். நீதிபதி எழுதினார்: காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, முழுப் பரீட்சை லீவில் பாதி அப்பாவோடு. மற்ற நாளெல்லாம் அம்மாவோடு. இனிமேல் இரண்டு பேருக்கும் நடுவில் குமாஸ்தா வேண்டாம்.

அப்பா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அவருடைய வக்கீல்தான் இறக்கிவிட்டார். யார் ஜெயித்தது என்று டைப் அடிப்பவர் ஒருவர் கேட்டார். "ரெண்டு பேரும்" என்று குமாஸ்தா சொன்னார். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு பதிலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மாமா மட்டும், "பாத்துக்கினே இரு. மலைக்கு போன புள்ள மலையோடதான். திருப்பிக் குடுக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலாண்டு லீவு ஒன்பது நாள். ஒன்பது நாளும் நான் அந்தச் சின்னப் பரணிலேயே இருந்தேன். விடிந்ததும் பனி ஈரத்தில் கதிரெல்லாம் தலை தொங்கிக் கிடக்கும். வெயில் ஏற ஏற ஒரு வாசனை வரும், காய்ந்த புல்லும் பாலும் கலந்த மாதிரி. கிளி வந்தால் அப்பா பெரிய பரணிலிருந்து கத்துவார், நான் சின்னதிலிருந்து கத்துவேன். கிளி இல்லாதபோதும் கத்தினோம். கை வேலையில் இருந்ததால் அப்பா வாய் ஓயாமல் பேசினார். தம்பியைப் புதைத்த இடத்தைக் காட்டினார். அங்கே ஒரு எலுமிச்சைக் கன்று வைத்திருந்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். அழவில்லை. பிறகு திரும்பிப் போய்க் கத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குள் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் என்னை அம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. அப்பா என்னை இரண்டே முக்காலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள், மாமாவோடு.

மாமா ஓடிவந்தார். "கண்ணு, நல்லாக்கீறியா? இன்னா பண்ணாங்க அங்க? சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். காற்று மட்டும்தான் வந்தது. ஒன்பது நாள் கத்தியதில் தொண்டை சுத்தமாகப் போயிருந்தது. மறுபடி முயன்றேன். கோழிக் குஞ்சு மாதிரி ஒரு சத்தம்.

மாமா முகம் வெளுத்துவிட்டது. "யோவ், இன்னாய்யா பண்ண புள்ளய? ஊமையாக்கிட்டியே! நான் அப்பவே சொன்னேன், கோர்ட்டுக்கு போலாம் வா!"

அப்பாவும் மிரண்டு போய், "கிளி... கிளி ஓட்டனா..." என்று இழுத்தார்.

அம்மா என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்க வைத்து உள்ளே பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் கறுத்து, மூக்கு உரிந்து, கண் மட்டும் வெளிச்சமாக இருந்திருக்க வேண்டும். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பி போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மாமாவைத் தள்ளிவிட்டு அப்பாவிடமே சொன்னாள்:

"மொளகு போட்டு கஷாயம் வெச்சி குடுத்தா ரெண்டு நாள்ல வந்துடும். அரையாண்டு லீவுக்கு நீ எறங்கி வந்து நிக்க வேணாம். நானே பஸ்ஸேத்தி மல ரோடு வரைக்கும் கூட்டிக்கினு வரேன்."

 அப்பா தலையை ஆட்டினார். மலைக்குப் போகும் பஸ் உறுமியது. ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டார். பஸ் வளைவில் திரும்பும்போது, கையில் வேலை ஒன்றும் இல்லாத அந்த நேரத்திலும் அவருக்கு வாய் வந்தது.

"ஏ... ஹோ... ஹோய்!"

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். அந்தக் கூட்டத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்காது.

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கழுத்தை நிமிர்த்தினாள். பத்து வருடம் பரண்மேல் நின்ற குரல், ஒன்றும் மறந்திருக்கவில்லை.

"ஏ... ஹோ... ஹோய்!"

பூக்காரி, கண்டக்டர், கரும்பு டிராக்டர்காரன் என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. மாமா கொஞ்சம் தள்ளிப் போய் வேறு யாரோ மாதிரி நின்றுகொண்டார். அம்மா எதையும் கண்டுகொள்ளாமல், மூச்சை இழுத்து இன்னொரு தடவை கத்தினாள்.